ஒழுகாத லேத்

அந்த வீட்டில் இரும்புக்குப் போக மிச்சமிருந்த இடத்தில்தான் மனிதர்கள் குடியிருந்தார்கள். பின்பக்கம் தகரக்கூரை போட்ட பட்டறை ஒன்று உண்டு. பட்டறையோடு நின்றிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? துளை போடும் மிஷின் ஒன்றின் மேல்பாதி சாப்பாட்டு மேசைக்கு அடியில் கிடந்தது. குளியலறை வாளியில் மண்ணெண்ணெய், மண்ணெண்ணெயில் பல்சக்கரங்கள். துணி அலமாரியைத் திறந்தால் சட்டைகளுக்கு நடுவே, காகிதம் சுற்றிய பெரிய திருகு ஒன்று சுகமாகப் படுத்திருந்தது.

காரணகர்த்தா வீட்டுக்காரர்தான். இன்சூரன்ஸ் ஆபீசில் பழைய ஃபைல்களைப் பாதுகாக்கிற உத்தியோகம். ஆபீஸ் விட்டால் பட்டறை. மூடிப்போன தொழிற்சாலை, பழைய இரும்புக் கடை என்று எங்கே ஒரு கிழட்டு மிஷின் துருப்பிடித்துக் கிடந்தாலும் மோப்பம் பிடித்துப் போய் வண்டி வைத்து ஏற்றி வந்துவிடுவார். அக்கக்காகக் கழற்றி, மாதக்கணக்கில் துருவைச் சுரண்டி, பச்சைப் பெயின்ட் அடித்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிறுத்திவைப்பார். இதே கிறுக்குப் பிடித்த நண்பர் கூட்டம் ஒன்று இருந்தது. அவர்கள் இவருக்கு வைத்த பெயர் துருவாசர். பெயருக்கேற்ற கோபம் மட்டும் கிடையாது. யார் திட்டினாலும் தலையாட்டிக்கொண்டே சுரண்டிக்கொண்டிருப்பார்.

திட்டுவதற்கென்றே ஆள் இருந்தது. அவர் மனைவி. தெருவுக்கே அவள் தையலக்கா. முன்னறையில் தையல் மிஷின், கழுத்தில் எந்நேரமும் அளவு டேப், வாயில் குண்டூசி. குண்டூசியைக் கவ்விக்கொண்டே நாலு பேரை ஓட ஓடத் திட்டத் தெரிந்தவள்.

"ஊர்ல ஆம்பளைங்களுக்குச் சக்களத்தி வேணும்னா பொம்பளையா பாத்துக் கூட்டிட்டு வருவாங்க. நீங்க ஆறு ஆள் வச்சுத் தூக்குற மாதிரிதான் கூட்டிட்டு வர்றீங்க" என்பாள். அதற்கும் அவர் தலையாட்டுவார்.

போன வருஷம் பொறுமை எல்லை தாண்டியது. சாப்பாட்டு மேசைக்கடியில் காலை நீட்டி, பெருவிரல் நசுங்கியபோது அவள் ஒரு சட்டம் போட்டாள். வீட்டுக்குள் ஒரு மிஷின் வரவேண்டுமானால் இன்னொன்று வெளியே போகவேண்டும். வராந்தாவில் நின்று, தெரு கேட்கப் போட்ட சட்டம். அவரும் ஒப்புக்கொண்டார்.

அந்தச் சட்டமே ஒரு நாள் தன் கழுத்துக்குக் கயிறாகும் என்று தையலக்கா கனவிலும் நினைக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

விஷயம் என்னவென்றால், பட்டறை மூலையில் ஒரு சின்ன லேத் இருந்தது. இரும்பையும் பித்தளையையும் சுழலவிட்டுக் கடைந்தெடுக்கிற மிஷின். வயது அவள் மாமனாரைவிட அதிகம். துருவாசர் அதற்காக இரண்டு வருஷம் உழைத்து, சக்கரம் சக்கரமாக மெருகேற்றி, கடைசியில் சுவரில் ஒரு பலகையும் மாட்டினார். வெள்ளைப் பெயின்டில் கொட்டை எழுத்து: 'அனுமதியின்றித் தொடாதே.'

பலகை எழுதினவர் உட்பட அதை யாரும் தொடவில்லை. அந்தக் கூட்டத்தின் வழக்கமே அதுதான். மிஷினைச் சரிசெய்வார்கள், ஸ்விட்சைப் போட்டு வெறுமனே ஓடவிடுவார்கள், ஆகா ஓகோ என்பார்கள், துணி போட்டு மூடிவிடுவார்கள். அதில் ஒரு ஆணியைக்கூடக் கடைந்து பார்க்கமாட்டார்கள். கீறல் விழுந்துவிடுமாம். சமையலறை கட்டிவிட்டு ஓட்டலில் சாப்பிடுகிற ஜாதி.

ஒரு நாள் தையலக்காவின் டீக் கெட்டில் மூடியில் குமிழ் உடைந்துபோனது. கடையில் கேட்டால், குமிழ் தனியாக வராது, புதுக் கெட்டில்தான் வாங்கவேண்டும் என்றார்கள். வந்ததே ஆத்திரம்! வீடு நிறைய இரும்பை வைத்துக்கொண்டு ஒரு குமிழுக்கு வழியில்லையா? விறுவிறுவென்று பட்டறைக்குப் போனாள். கழுத்து டேப் சுற்றுகிற மிஷினில் மாட்டினால் கழுத்தோடு போய்விடும் என்பது தையல்காரிக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. டேப்பைக் கழற்றி, 'தொடாதே' பலகையின் ஆணியிலேயே மாட்டினாள். பித்தளைத் துண்டு ஒன்றைப் பிடித்துச் சுழலவிட்டாள்.

முதல் குமிழ் கோணல். இரண்டாவதில், உலோகத்தைச் சீவுகிற டூலின் முனை படக்கென்று ஒடிந்தது. மூன்றாவதைக் கடையும்போது பொன் மாதிரி ஒரு சுருள் நீளமாக எழுந்து, சுருண்டு, அவள் முன்கையில் வந்து சூடாக உட்கார்ந்தது. அவ்வளவுதான். ஆள் லேத்திடம் மயங்கிவிட்டாள்.

அன்றிலிருந்து அவர் ஆபீஸ் போனதும் இவள் பட்டறை. மாதம் ஆறு ஓடிவிட்டது. மேசை இழுப்பறைகளுக்குக் கைப்பிடி செய்தாள். ஆடுகிற நாற்காலிக்குக் கால் பூண், குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள், தன் தையல் மிஷினுக்கே ஒரு புது நூல்கண்டுத் தண்டு. வீட்டில் ஒவ்வொன்றாகச் சரியாகிக்கொண்டே வந்தது. துருவாசர் எதையாவது கவனித்தாரா? இழுப்பறையைத் திறந்தார், மூடினார். நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார். அவள் மறந்து பலகை ஆணியிலேயே விட்டுவிட்ட டேப்பைப் பார்க்கும்போதெல்லாம், "உன் டேப்பை நான்தான் மறந்துபோய் எடுத்துட்டுப் போயிட்டேன் போல" என்று திருப்பிக் கொடுத்து மன்னிப்பு வேறு கேட்டார்.

சொல்லிவிடுவதற்கென்ன என்று கேட்பீர்கள். எப்படிச் சொல்வாள்? நாலு வருஷம் தெருவே கேட்க சக்களத்தி, சக்களத்தி என்று வைதுவிட்டு, இப்போது அந்தச் சக்களத்தியோடுதான் பகலெல்லாம் குலாவுகிறேன் என்றா? அதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

ஆனால் அவளைக் காட்டிக்கொடுத்தது அவளுடைய தொழில் புத்தி. தையல்காரிக்கு ஒரு பழக்கம் உண்டு. மிஷினைத் தொட்டால் எண்ணெய் விடாமல் எழுந்திருக்கமாட்டாள். கிழட்டு லேத் ஆயிற்றே, தலைப்பக்கத்துச் சந்துகளில் எண்ணெய் சொட்டிக்கொண்டேதான் இருக்கும். எண்ணெய் மட்டம் தெரிவதற்கென்று முன்பக்கம் ஒரு சின்னக் கண்ணாடி வைத்திருக்கும். மட்டம் குறைந்தால் இவள் ஊற்றினாள். கீழே தட்டில் வடிந்ததைத் துடைத்தாள். தினமும், வாசல் பெருக்குகிற மாதிரி.

துருவாசர் சாயங்காலம் வந்து பார்த்தால் கண்ணாடியில் எண்ணெய் அப்படியே நிற்கிறது. தட்டில் பொட்டு ஈரமில்லை. ஒரு வாரம் பார்த்தார், ஒரு மாதம் பார்த்தார். நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டுக் குறித்தார். பிறகு கூட்டத்துக்குப் போன் போட்டு அறிவித்தார்.

"என் லேத் ஒழுகாது! எண்ணெய் கசியாம நான் போட்ட சீல் அப்படி!"

கூட்டம் அதிர்ந்தது. பழைய மிஷின் ஒழுகாது என்றால், கைக்குழந்தை அழாது என்று சொன்ன மாதிரி. அவர்களில் துளை போடும் மிஷின்களிலேயே உயிரை வைத்திருந்த பல் டாக்டர் நேரில் வந்து, தட்டில் வெள்ளைப் பஞ்சைத் தடவிப் பார்த்துவிட்டு, "துருவாசரே, நீர் மகான்" என்றார். தையலக்கா சமையலறை ஜன்னலில் நின்று இதைக் கேட்டாள். சிரிப்பை அடக்கப் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்தச் சிரிப்பு அடுத்த திங்கட்கிழமை காணாமல் போனது. ஆபீசிலிருந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இந்தாம்மா, உனக்கு ஒரு சந்தோஷமான சமாச்சாரம். லேத் போகப்போகுது!"

தையலக்காவின் வாயிலிருந்த குண்டூசி தெறித்து விழுந்தது.

"எங்க போகுது?"

"நம்ம ஃபோர்மேன் ஐயா வீட்டுக்கு. ஒழுகாத லேத்னு கேள்விப்பட்டு மனுஷன் அசந்துட்டார். அவர்கிட்ட இரும்பை இழைக்கிற ஷேப்பர் மிஷின் ஒண்ணு இருக்கு, பெரிசு, யானை மாதிரி. அதைக் குடுத்துட்டு இதை எடுத்துக்கறார். ஒண்ணு வெளிய, ஒண்ணு உள்ள. உன் சட்டப்படிதான்! ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்னார்."

ஃபோர்மேன் என்றால் அந்தக் கூட்டத்துக்கே சிம்ம சொப்பனம். முப்பது வருஷம் பெரிய தொழிற்சாலையில், கருவிகள் செய்கிற டூல் ரூமைக் கட்டி ஆண்டவர். மற்றவர்களெல்லாம் பெயின்ட் அடிக்கிறவர்கள், அவர் ஒருவர்தான் உண்மையான வேலைக்காரர்.

"என்ன, பேச்சே காணோம்? சந்தோஷத்துல வாயடைச்சுப் போச்சா?"

"ஆமா" என்றாள். வேறென்ன சொல்வது? அவள் போட்ட சட்டம். அவள் ஊற்றிய எண்ணெய். ஒழுங்காக ஒழுகவிட்டிருந்தால் அந்த லேத்தை நாய்கூடச் சீண்டியிருக்காது. தன் வினை தன்னைச் சுட்டது, அதுவும் கொதிக்கக் கொதிக்க.

அன்றைக்கு அவள் தைத்த சட்டைக்கு இரண்டு கையும் இடது கையாகவே அமைந்தன.

ஆனால் தையலக்கா சும்மா அழுதுகொண்டிருக்கிற ரகமில்லை. இன்னும் ஆறு நாள் இருக்கிறதே. ஒழுகாது என்றுதானே வருகிறார்? ஒழுகவிட்டால் போயிற்று. முதலில், எண்ணெய் ஊற்றாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தாள். செவ்வாய்க்கிழமை மட்டம் குறைந்திருப்பதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. காய்ந்தால் உள்ளே தேய்ந்துபோகுமே! ஊற்றிவிட்டாள். ஊற்றிவிட்டு, தனியாக ஒரு கரண்டி எண்ணெயை எடுத்துக் கீழே தட்டிலும் ஊற்றினாள்.

சாயங்காலம் ஜன்னலில் காத்திருந்தாள். துருவாசர் வந்தார், தட்டைப் பார்த்தார், முகம் வெளுத்தார். அக்கம்பக்கம் பார்த்தார். பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து அவசரமாகத் துடைத்தார். அந்தக் கைக்குட்டையை மறுபடி பாக்கெட்டிலேயே வைத்தும் கொண்டார்.

புதன்கிழமை இரண்டு கரண்டி. அன்றைக்கு அவர் டார்ச்சோடு மிஷினுக்கடியில் மல்லாந்து படுத்துவிட்டார். எங்கிருந்து ஒழுகுகிறது என்று தெரிந்தால்தானே! ஆறு மாதமாக நிஜமாக ஒழுகினபோது கண்ணில் படவில்லை, இப்போது ஒழுகாத இடத்தையெல்லாம் தேடுகிறார். அந்த நேரம் பார்த்து ஃபோர்மேனிடமிருந்து போன் வந்தது. படுத்தபடியே, தலைமுடியெல்லாம் எண்ணெயாக, "ஒரு சொட்டு இல்லைங்க ஐயா, சத்தியமா" என்றார்.

கடைந்தெடுத்த பொய். தையலக்காவுக்குக் கோபம் வரவேண்டும். ஆனால் அந்த எண்ணெய்த் தலையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சீ, இந்த ஆளை வைத்துக்கொண்டு ஒழுங்காக ஒரு சதி பண்ண முடியவில்லையே என்று அலுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை வேறு வழி. லேத்தின் பின்தலை என்று ஒரு பாகம் இருக்கிறது, நீளமான இரும்புத்தண்டின் அந்தப் பக்கத்து நுனியைத் தாங்குவது. அது இல்லாமல் லேத் பாதி லேத். அதை அப்படியே உருவி, மூச்சுவாங்கத் தூக்கிவந்து, தையல் மிஷினுக்கடியில் வெட்டுத்துணிக் குவியலுக்குள் புதைத்தாள். ஒரு பாகம் தொலைந்தால் பரிமாற்றம் தள்ளிப்போகும் அல்லவா?

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. துருவாசர் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை ஒரு முடிவுக்கு வந்தார்.

"டாக்டர்தான் எடுத்திருக்கான்."

"யாரு, பல் டாக்டரா?"

"போன வாரம் பெரிய பையோட வந்தான் பாத்தியா? பஞ்சு வச்சுத் தடவறப்பவே நினைச்சேன். பொறாமை! இருபது வருஷ சிநேகிதம், பாம்புக்குப் பால் வார்த்திருக்கேன். இப்பவே போய் சட்டையைப் பிடிச்சுக் கேக்கறேன்."

பிறந்ததிலிருந்து கோபமே வராத மனிதர், பெயருக்கேற்ற மாதிரி கண் சிவந்து நிற்கிறார். அவர் சட்டையை மாற்றிக்கொண்டு வருவதற்குள் தையலக்கா குவியலைக் கிளறி, பின்தலையைத் தூக்கிக்கொண்டு ஓடி, பெஞ்சுக்குக் கீழே வைத்துவிட்டு, "என்னங்க, இதோ கண்ணு முன்னாடிதானே இருக்கு! பூதக்கண்ணாடி வச்சுத் தேடுனீங்களா?" என்று கத்தினாள்.

அவர் வந்து பார்த்தார். பின்தலையில் நீலத்துணி இழை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்து ஊதிவிட்டு, "நல்லவேளை, போய்க் கேக்கல. ஒரு நல்ல மனுஷனைச் சந்தேகப்பட்டுட்டேனே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். இழை எங்கிருந்து வந்தது என்று யோசித்தாரா? யோசிக்கிற ஆளாக இருந்தால் இந்தக் கதையே இல்லை.

சனிக்கிழமை அவள் ஒன்றும் செய்யவில்லை. அவர் ஆபீஸ் போனதும் பட்டறைக்குப் போய் லேத் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். இதன் குணமெல்லாம் அவளுக்கு அத்துப்படி. காலையில் பத்து நிமிஷம் வெறுமனே ஓடினால்தான் உடம்பு வளையும். டூலை முன்னே தள்ளுகிற கைப்பிடி கால் சுற்று சும்மா சுற்றும், அப்புறம்தான் டூல் நகரும். ஃபோர்மேன் இதையெல்லாம் கண்டுபிடித்துக்கொள்வார், அவர் பெரிய வேலைக்காரர். அது இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது. எழுந்து எண்ணெய் ஊற்றிவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டமே வந்துவிட்டது. பல் டாக்டர், இன்னும் மூன்று பேர், நடுவில் ஃபோர்மேன். ஒல்லியான உடம்பு, பெரிய கண்ணாடி, கையில் ஒரு மரப்பெட்டி. வந்தவர் பெயின்ட்டையும் பார்க்கவில்லை, பளபளப்பையும் பார்க்கவில்லை. குனிந்து எண்ணெய்க் கண்ணாடியைப் பார்த்தார், விரலால் தட்டைத் தடவினார், "ம்" என்றார். அப்புறம் பெட்டியிலிருந்து கட்டைவிரல் பருமனில் ஒரு சாண் நீளத்துக்கு இரண்டு இரும்புத் தண்டுகளை எடுத்தார்.

"கடைஞ்சு காட்டுங்க. இருபது மில்லிமீட்டர். இந்த முனை, நடு, அந்த முனை, மூணு இடத்திலும் இருபது இருக்கணும். மயிரிழை கூடக்கூடாது, குறையக்கூடாது."

துருவாசருக்குத் தேள் கொட்டிய மாதிரி ஆனது. "கடையணுமா? ஓடுறதைப் பாருங்க ஐயா, சத்தமே இல்லாம…"

"ஓடுறதைப் பாக்கறதுக்கு ஃபேனைப் பாப்பேனே."

டீத் தட்டோடு வந்த தையலக்கா பட்டறை வாசலிலேயே நின்றுவிட்டாள். அவர் தண்டை மாட்டுவதைப் பார்த்தாள். டூலை நாக்கு மாதிரி நீட்டி வைத்திருக்கிறார். ஐயோ, அது ஆடுமே! மிஷினை ஓட்டிச் சூடாக்கக்கூட இல்லை. ஸ்விட்ச் போட்டு டூலை வைத்ததும் பட்டறை முழுக்கக் கர்ரென்று ஒரு அலறல். பல் டாக்டரே காதைப் பொத்திக்கொண்டார். துருவாசர் பதறிப்போய்க் கைப்பிடியை அதிகமாகத் தள்ளிவிட்டு, கொஞ்சம் பின்னால் திருப்பினார். அந்தக் கால் சுற்று! கைப்பிடிதான் திரும்பியது, டூல் நின்ற இடத்திலேயே நின்று இரும்பைத் தின்றது.

ஃபோர்மேன் அளந்தார். "பத்தொம்பதரை. இந்தப் பக்கம் பத்தொம்பதே கால். மேல எல்லாம் மரப்பட்டை மாதிரி இருக்கு."

"தரை… தரை கொஞ்சம் சரிவுங்க ஐயா" என்றார் துருவாசர்.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். கூட்டத்தில் ஒருத்தர் இருமினார். இன்னொருத்தர் கூரையைப் பார்த்தார். ஃபோர்மேன் இரண்டாவது தண்டை நீட்டினார். "இன்னொரு தரம். இதுவும் இப்படின்னா மன்னிச்சுக்குங்க, இது மிஷின் இல்ல, பொம்மை. நான் கிளம்பறேன்."

தையலக்காவுக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். கிளம்பட்டும்! லேத் இங்கேயே இருக்கும். எண்ணெய்க் கரண்டி தேவையில்லை, சதி தேவையில்லை, வாயை மூடிக்கொண்டு டீயைக் கொடுத்தால் போதும். நாளைக் காலையில் அவர் ஆபீஸ் போனதும் வழக்கம்போல.

அப்போதுதான் அவர் காதுகளைப் பார்த்தாள். இரண்டும் மிளகாய்ப்பழம் மாதிரி சிவந்திருந்தன. இரண்டு வருஷம் இந்த மனிதர் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் ஒவ்வொரு பல்லாகத் துருவைத் தேய்த்ததை அவள் பார்த்திருக்கிறாள். இது பொம்மையாம். இவருடைய லேத் பொம்மையாம்!

டீத் தட்டை டாக்டர் கையில் திணித்தாள்.

"என்னங்க, தள்ளுங்க."

"என்னம்மா?"

"தள்ளுங்கன்னேன்."

கழுத்து டேப்பைக் கழற்றி, பார்க்காமலே கையை நீட்டி, பலகை ஆணியில் மாட்டினாள். பின்னலை உள்ளே செருகி, தலைப்பை இழுத்துச் செருகினாள். டூலைத் தளர்த்தி உள்ளே தள்ளி, குட்டையாகப் பிடித்து இறுக்கினாள். தண்டை மாட்டினாள். ஸ்விட்சைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றாள்.

"எதுக்கு நிக்கறீங்க அண்ணி?" என்றார் டாக்டர்.

"அதுக்கு உடம்பு சூடாகணும். நீங்க பல்லைப் பிடுங்கறதுக்கு முன்னாடி ஊசி போட்டுட்டு நிக்கறதில்லையா?"

ஃபோர்மேன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

பிறகு அவள் கடைந்தாள். கால் சுற்றைத் தாண்டி, ஒரே திசையில், மெதுவாக. அலறல் இல்லை. துணி கிழிகிற மாதிரி ஒரு சன்னமான சத்தம், நீலமும் பழுப்புமாகச் சுருள் சுருளாக இரும்பு விழுந்தது. நிறுத்தி, பெஞ்சிலிருந்த வெர்னியர் அளவுகோலால் அளந்தாள், தள்ளினாள், மறுபடி அளந்தாள். கடைசியில் டூலைக் கொஞ்சமும் தள்ளாமல், அதே இடத்தில் வைத்து ஒரு தரம் முழுக்க ஓட்டினாள். அவசரப்பட்ட தையலை நீவிவிடுகிற மாதிரி. தண்டு பளபளவென்று வந்தது.

ஃபோர்மேன் மயிரிழையையும் அளக்கிற மைக்ரோமீட்டரை எடுத்தார். "இருபது." நகர்த்தினார். "இருபது." "இருபது."

துருவாசர் தண்டைப் பார்க்கவில்லை. ஆணியில் தொங்குகிற டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மாதமாக அவர் எடுத்துக் கொடுத்து மன்னிப்புக் கேட்ட டேப்.

ஃபோர்மேன் டாக்டரிடமிருந்து டீயை வாங்கிக்கொண்டார். தட்டிலிருந்த கெட்டில் மூடியின் பித்தளைக் குமிழை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "இது எங்க வாங்கினது?"

"கடையில" என்றார் துருவாசர்.

"கடையில இப்படி ஒரு குமிழ் கிடைக்காது. கையால கடைஞ்சது. எத்தனை மாசமாம்மா?"

"ஆறு" என்றாள். வெட்கத்தில் தரையைப் பார்த்தாள். "இழுப்பறைக் கைப்பிடி, நாற்காலிப் பூண், தாழ்ப்பாள்… எல்லாம் நான்தான். என்னங்க, எண்ணெய்…"

"புரிஞ்சுது" என்றார் துருவாசர் மெல்ல.

"நல்லது" என்று ஃபோர்மேன் கையைத் தட்டினார். "மிஷின் தங்கம். எனக்குச் சம்மதம். ஷேப்பரை நாளைக்கே அனுப்பறேன், இதைக் கட்டிக் குடுங்க. ஒரே ஒரு கேள்வி. எங்க வீட்டுத் தரை சலவைக்கல். என் சம்சாரம் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் என்னையும் சேத்து வெளிய தள்ளிடுவா. உங்க வாயால சொல்லுங்க. இது ஒழுகாதுல்ல?"

தையலக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு வார்த்தைதான். இத்தனை பேர் முன்னால் அவர் மகானாக நிற்கலாம். யானை மாதிரி ஷேப்பரும் வரும். பொய் சொல்லவும் வேண்டாம், வழக்கம்போலத் தலையாட்டினாலே போதும்.

துருவாசர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒழுகும்" என்றார்.

"என்னது?"

"ஒழுகும்ங்க ஐயா. ஆறு மாசமா ஒழுகிட்டுதான் இருந்திருக்கு. சீலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான் ஊரெல்லாம் பீத்திக்கிட்டிருந்தேன், இவ தினமும் ஊத்தித் துடைச்சுக்கிட்டிருந்திருக்கா. சும்மா சொட்டுச் சொட்டா இல்ல. நல்லா, தாராளமா ஒழுகும். உங்க வீட்டுத் தரை நாசமாயிடும்!"

டாக்டர் வாய் பிளந்தார். பிளந்த வாயிலிருந்து சிரிப்பு கிளம்பியது, அப்புறம் மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. "மகானே, மகானே" என்று முதுகில் தட்டினார்கள். துருவாசரின் காது மறுபடி சிவந்தது. ஆனால் தலை நிமிர்ந்தே இருந்தது.

ஃபோர்மேன் மட்டும் சிரிக்கவில்லை. "ஒழுகாத பழைய மிஷின்னா உள்ள எண்ணெயே இல்லேன்னு அர்த்தம், இல்லாட்டி யாரோ ஊத்தித் துடைக்கறாங்கன்னு அர்த்தம். முப்பது வருஷம் பாத்தவன், எனக்குத் தெரியாதா? யாரு ஊத்தறாங்கன்னு பாத்துட்டுப் போகத்தான் வந்தேன். லேத் இங்கயே இருக்கட்டும்" என்றார். மரப்பெட்டியை மூடினார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு மறுபடி திறந்து, அந்த மைக்ரோமீட்டரை எடுத்துத் தையலக்காவிடம் நீட்டினார். "டேப் வச்சு அளக்கறது துணிக்குச் சரி. இதை வச்சுக்கம்மா."

எல்லோரும் போன பிறகு துருவாசர் உள்ளே போனார். தையலக்கா பட்டறையிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இழுப்பறை ஒன்று திறந்தது, மூடியது. அடுத்தது திறந்தது, மூடியது. நாற்காலியை யாரோ ஆட்டிப் பார்க்கிற சத்தம். குளியலறைத் தாழ்ப்பாள் க்ளிக் என்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை க்ளிக் என்றது. அவளுக்கு ஏனோ கண்ணில் நீர் முட்டியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மிஷினைத் துடைத்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் துருவாசர் ஆபீசிலிருந்து வந்தபோது பட்டறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பித்தளைச் சுருள்கள் தரையெல்லாம் கிடந்தன. அவர் சட்டைக்கையை மடித்துக்கொண்டு, துடைக்கிற துணியோடு, வழக்கம்போல லேத் பக்கம் கையை நீட்டினார்.

தையலக்கா தலையைத் திருப்பவில்லை. டூலிலிருந்து கண்ணை எடுக்காமல், விரலை மட்டும் நீட்டிச் சுவரைக் காட்டினாள்.

அவர் பலகையைப் பார்த்தார். அவர் எழுத்துதான், ஒரு புள்ளிகூட மாறவில்லை. நீட்டின கையை இழுத்துக்கொண்டார்.

"இந்தாம்மா" என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு. "தொடலாமா?"

"கை கழுவியாச்சா?"

"ஓ, கழுவிட்டேன்."

அவள் ஸ்விட்சை நிறுத்தி, அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எண்ணெய்க் குவளையைக் கொடுத்தாள்.

"ஊத்துங்க. சிந்தாம ஊத்துங்க."